கிரிட் ஃப்ரீக்வென்சிக்கு மெஷின் லேர்னிங்: எங்க வேலை செய்யுது, எங்க கை வைக்கக் கூடாது

கிரிட் ஃப்ரீக்வென்சிய மெஷின் லேர்னிங் வச்சு கட்டுப்படுத்த முடியுமான்னு யாராவது கேட்டா, நான் முதல்ல திருப்பிக் கேக்குறது "எந்த நேர அளவுல?"னுதான். ஒரு விநாடிக்குள்ள நடக்குறது ஒரு உலகம், பத்து நிமிஷத்துல நடக்குறது இன்னொரு உலகம், நாளைக்கு மதியத்துக்கு எவ்ளோ ரிசர்வ், அதாவது அவசரத்துக்கு தயாரா நிக்குற பவர், வச்சிருக்கணும்னு இன்னைக்கே முடிவு பண்றது முழுக்க வேற உலகம். பவர் சிஸ்டம் படிச்சிட்டு டேட்டா பக்கம் வந்து, கண்ட்ரோல் ரூம்ல இருக்குறவங்களோட உக்காந்து இந்த மாடல்கள பண்ணிட்டு இருக்குற ஆள் நான். இத்தனை நாள் வேலையில எனக்குத் தெளிவான ஒரே விஷயம், மெஷின் லேர்னிங்கோட இடம் அந்த ஆபத்தான விநாடிக்கு முன்னாடி இருக்கு, அந்த விநாடிக்குள்ள இல்ல. ஏன் அப்படி சொல்றேன், அதுக்குள்ள என்னென்ன பாடம் இருக்குன்னு இங்க எழுதுறேன், இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு கொஞ்ச மாசம் மிச்சமாகும்.

அடிப்படைய முதல்ல சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். ஃப்ரீக்வென்சின்னா ஏசி கரன்ட் விநாடிக்கு எத்தனை சுத்து முன்னும் பின்னும் மாறுதுங்கறது. 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ, அந்த நம்பர் எதக் காட்டுதுன்னா அந்த நொடியில உற்பத்தியும் லோடும், அதாவது எல்லாரும் இழுக்குற பவரும், சமமா இருக்கான்னு. உற்பத்தி குறைஞ்சா ஃப்ரீக்வென்சி இறங்கும், லோடு குறைஞ்சா ஏறும். பெரிய பிளான்ட் ஒண்ணு டிரிப் ஆன, அதாவது திடீர்னு கிரிட்ல இருந்து கழண்ட, அந்தக் கணத்துல எந்த கம்ப்யூட்டரும் எதுவும் பண்றதில்ல, சுத்திட்டு இருக்குற டர்பைன் ஜெனரேட்டர் ரோட்டர்கள்ல இருக்குற இயக்க ஆற்றல் தானாவே வெளிய வந்து அந்தக் குறைய ஈடு கட்டுது, அதத்தான் இனர்ஷியான்னு சொல்றோம். அதுக்கு அப்புறம் சில விநாடியில டர்பைன் வேகத்தைப் பாத்துக்குற கவர்னர்கள் ட்ரூப் கணக்குப்படி, அதாவது ஃப்ரீக்வென்சி எவ்ளோ இறங்குதோ அந்த விகிதத்துல, வால்வைத் திறந்து பவர ஏத்தும். அதுக்கும் அப்புறம் ஏஜிசி, அதாவது சென்ட்ரல் கண்ட்ரோல்ல இருந்து சில விநாடிக்கு ஒரு தடவை பிளான்ட்களுக்குப் போற சிக்னல், நிமிஷக் கணக்குல ஃப்ரீக்வென்சிய பழைய இடத்துக்கு இழுத்துட்டு வரும். கடைசியா மனுஷங்க, போன்ல, டிஸ்பாட்ச்ல.

இதுல ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்தாலே ஏன் இப்ப எல்லாரும் பதறுறாங்கன்னு புரிஞ்சிடும். ஒரு கிரிட்ல சுத்துற இயக்க ஆற்றல் மொத்தம் 200 கிகாவாட் விநாடின்னு வைங்க, அதுல திடீர்னு 1 கிகாவாட் உற்பத்தி போயிடுச்சு. 50 ஹெர்ட்ஸ் கிரிட்ல ஆரம்ப வீழ்ச்சி வேகம் எவ்ளோன்னா 1 இன்டூ 50, அத 2 இன்டூ 200 ஆல வகுத்தா விநாடிக்கு 0.125 ஹெர்ட்ஸ். வேற எதுவும் குறுக்க வரலன்னா அரை ஹெர்ட்ஸ் இறங்க 4 விநாடி ஆகும். இப்ப அதே கிரிட்ல வெயில் நல்லா அடிக்குற மதியம், சோலார் நிறைய, அனல் யூனிட் பாதி நிறுத்தி வச்சாச்சு, இயக்க ஆற்றல் 100 ஆயிடுச்சு. அதே 1 கிகாவாட் போனா இப்ப 2 விநாடிதான். பிளான்ட் அதே, டிரிப் அதே, கையில இருக்குற நேரம் மட்டும் பாதி. சோலாரும் காத்தாலையும் இன்வெர்ட்டர் வழியா வர்றதால சும்மா விட்டா இனர்ஷியா தராது, இந்தத் துறையோட இன்னைக்குப் பிரச்சனைல பெரும்பங்கு இந்த ஒரு வரியில இருக்கு.

இந்த 2 விநாடிக்குள்ள மாடல் வச்சு என்ன பண்ண முடியும்னு யோசிங்க. அளவீடு எடுக்கணும், நெட்வொர்க்ல அனுப்பணும், மாடல் ஓடணும், கட்டளை திரும்பப் போகணும், போற இடத்துல இருக்குற கருவி அதுக்கு அசையணும். இதுக்கு எதிர்ப்பக்கம் பேட்டரி இன்வெர்ட்டர்ல, தன் முனையில தானே ஃப்ரீக்வென்சிய அளந்து, குறைஞ்சா பவர ஏத்துன்னு இருக்குற ரெண்டு வரி ட்ரூப் லாஜிக் ஒரு விநாடிக்குள்ள வேலைய முடிச்சிடும். பிரிட்டன்ல 2020ல கொண்டு வந்த டைனமிக் கன்டெயின்மென்ட் சர்வீஸ் அப்படித்தான், ஒரு விநாடிக்குள்ள முழு பவரும் வரணும்னு விதி. அதுக்கு நெட்வொர்க் தேவையில்ல, ட்ரெயினிங் டேட்டா தேவையில்ல, அது நிலையா இருக்கும்னு பேப்பர்ல நிரூபிக்கவும் முடியும். அந்த இடத்துல நியூரல் நெட்வொர்க்க கொண்டு போய் வைக்கணும்னு யாராவது வந்து சொன்னா, என்ன லாபம்னு நான் கேப்பேன், இதுவரைக்கும் எனக்குத் திருப்தியான பதில் வரல.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது, பெரிய சம்பவங்கள் மாடலுக்குத் தெரியாத காரணத்தால வருது. 2019 ஆகஸ்ட் 9, பிரிட்டன், சாயங்காலம் 4:52. ஒரு டிரான்ஸ்மிஷன் லைன்ல மின்னல் விழுது, அது தினப்படி நடக்குற விஷயம், லைன் கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடுது. ஆனா அதே நேரத்துல ஹார்ன்சீ கடல் காத்தாலைப் பண்ணை 737 மெகாவாட் குறைச்சிடுது, லிட்டில் பார்ஃபோர்டு கேஸ் பிளான்ட்ல ஸ்டீம் டர்பைன் 244 மெகாவாட் டிரிப் ஆகுது, இது போக டிஸ்ட்ரிப்யூஷன் பக்கம் சிதறிக் கிடக்குற சின்னச் சின்ன ஜெனரேட்டர்கள் வோல்டேஜ் கோணம் தாவுது, ஃப்ரீக்வென்சி வேகமா மாறுதுன்னு தங்களோட பாதுகாப்பு செட்டிங் படி தாங்களே கழண்டுக்குது, அது மட்டும் ஏறக்குறைய 500 மெகாவாட். கிரிட்ல கையில இருந்த ரிசர்வ் சுமார் 1000 மெகாவாட். ஃப்ரீக்வென்சி 49.1 வரைக்கும் வந்து நின்னு கொஞ்சம் ஏற ஆரம்பிக்குது, அப்ப அந்த கேஸ் பிளான்ட்ல ஒரு கேஸ் டர்பைனும் போகுது, இன்னொரு 210 மெகாவாட். 48.8ல, கிரிட்டக் காப்பாத்த லோட தானா வெட்டி விடுற லோடு ஷெட்டிங் ரிலேக்கள் வேலை செஞ்சு பத்து லட்சத்துக்கும் மேல வாடிக்கையாளர்களுக்கு கரன்ட் போச்சு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஃப்ரீக்வென்சி 50க்கு திரும்பிடுச்சு, முக்கால் மணி நேரத்துக்குள்ள எல்லாருக்கும் கரன்ட் வந்துடுச்சு, ஆனா ஒரு வகை ட்ரெயின்கள் ஃப்ரீக்வென்சி 49க்கு கீழ போனதால நின்னு, அதுல பலதைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண டெக்னீஷியன் நேர்ல போக வேண்டி இருந்துச்சு.

இந்தச் சங்கிலில எந்தக் கண்ணிய ஒரு மாடல் முன்கூட்டி சொல்லியிருக்கும்? மின்னல நம்மால சொல்ல முடியாது. காத்தாலையோட கண்ட்ரோல் சாஃப்ட்வேர் அந்த வோல்டேஜ் அசைவுக்கு எப்படி நடந்துக்கும்னு பழைய டேட்டால இல்ல. ஆனா ஒண்ணு சொல்லியிருக்கலாம், இன்னைக்கு சாயங்காலம் இந்த இனர்ஷியா அளவுல, ஒரே சம்பவத்துல போகக்கூடியது ஒரு பெரிய யூனிட் மட்டும் இல்ல, அதோட சேந்து சிதறிக் கிடக்குற சின்ன ஜெனரேட்டரும் போகும், அதுக்கு ரிசர்வ் பத்தாதுன்னு. அது சம்பவத்தைக் கணிக்குறது இல்ல, நிலைமையோட பலவீனத்தைக் கணிக்குறது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிஞ்ச பிறகுதான் எங்க வேலை ஒழுங்கான பாதைக்கு வந்துச்சு.

இந்த வேலைக்கு வர்ற எல்லாரும் முதல்ல ஆசைப்படுறது ஃப்ரீக்வென்சியவே ஃபோர்காஸ்ட் பண்றதுதான். விநாடிக்கு ஒரு மதிப்பு இருக்குற நீளமான டேட்டா, நேர வரிசைய கத்துக்குற எல்எஸ்டிஎம் நியூரல் நெட்வொர்க், அடுத்த அஞ்சு நிமிஷம். கிராஃப் அழகா வரும். ஆனா இத எடுத்ததும் பக்கத்துல ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு எளிய பேஸ்லைன வைங்க, ஒண்ணு இப்ப என்ன மதிப்போ அதே தொடரும்னு சொல்றது, இன்னொண்ணு இந்த மணி நிமிஷத்துக்கு கடந்த மாசங்களோட சராசரி என்னவோ அதச் சொல்றது. முதல் நிமிஷத்துக்கு முதல் பேஸ்லைன ஜெயிக்குறது கஷ்டம், அதுக்கு அப்புறம் ரெண்டாவத ஜெயிக்குறது கஷ்டம். ரெண்டையும் தெளிவா ஜெயிக்காத மாடல கண்ட்ரோல் ரூம் வாசப்படி வரைக்கும் கூட கொண்டு போகாதீங்க, அங்க இருக்குறவங்க கண்ணுலயே அந்த தினசரி சராசரி பதிஞ்சிருக்கும்.

அந்த ரெண்டாவது பேஸ்லைன் ஏன் அவ்ளோ பலமா இருக்குன்னு தேடிப் போனப்பதான் இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்ச கண்டுபிடிப்பு இருந்துச்சு, புதுசா கண்டுபிடிச்சதில்ல, ஐரோப்பிய கிரிட் ஆளுங்களுக்கு பல வருஷமா தெரிஞ்சது, ஆனா நாமளே டேட்டால பாக்குறப்ப வர்ற நிறைவு தனி. ஐரோப்பாவோட பழைய டேட்டாவ எடுத்து ஒரு நாளோட ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பல மாச சராசரி போட்டு வரைஞ்சா, மணி மாறுற இடத்துல எல்லாம் கூர்மையா ஒரு பல்லு நிக்கும். காலையில லோடு ஏறுற நேரத்துல மணி மாறுனதும் மேல தாவும், ராத்திரி லோடு இறங்குற நேரத்துல மணி மாறுனதும் கீழ விழும். காரணம் இயற்கை இல்ல, மார்க்கெட். மின்சாரம் ஒரு மணி நேரத் துண்டா வித்துப் போட்டதால, பிளான்ட்கள் சரியா மணி அடிக்கும்போது அவங்க ஷெட்யூல மாத்துவாங்க, வேகமா. லோடு மட்டும் வழுவழுன்னு மெதுவா மாறிட்டே இருக்கும். படிக்கட்டா ஏறுற உற்பத்திக்கும் வளைவா ஏறுற லோடுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் அந்தப் பல்லு. அதனால ஃப்ரீக்வென்சிய கணிக்குறத விட்டுட்டு ஷெட்யூல் மாற்றத்தோட அளவு, எந்த வகை பிளான்ட் அசையப் போகுது, லோடோட சாய்வு எவ்ளோ, இதுல இருந்து மணி எல்லையில வரப்போற சமநிலைக் குறைய கணிக்கச் சொன்னா மாடல் உருப்படியா வேலை செய்யுது, ஏன்னா அங்க காரணம் முன்னாடியே எழுதி வச்சிருக்கு, அடுத்த நாளோட ஷெட்யூல் இன்னைக்கே கையில இருக்கு. ஆபரேட்டருக்கும் அதுதான் வேணும், "ராத்திரி 10 மணி எல்லையில வழக்கத்த விட பெரிய இறக்கம் வரும்"னு ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சா அவர் ஒரு ஹைட்ரோ யூனிட்ட தயாரா வச்சுக்கலாம்.

இப்ப டேட்டா. இத நீளமாவே சொல்றேன், வேலையில பெரும்பகுதி இங்கதான் போகுது.

பிஎம்யூ, அதாவது கிரிட்ல பல இடத்துல ஒரே கடிகாரத்த வச்சு அளக்குற கருவிகள், விநாடிக்கு 25, 50 தடவைன்னு ஃப்ரீக்வென்சியும் வோல்டேஜ் கோணமும் தரும், டைம்ஸ்டாம்ப் ஜிபிஎஸ்ல இருந்து வரும், நம்பலாம். ஆனா பிஎம்யூ ஃப்ரீக்வென்சிய நேரடியா அளக்குறதில்ல, வோல்டேஜ் கோணம் எவ்ளோ வேகமா மாறுதுன்னு பாத்து கணக்கு போடுது. பக்கத்து லைன்ல ஷார்ட் சர்க்யூட் மாதிரி ஃபால்ட் வந்தா கோணம் ஒரே தாவா தாவும், அத கருவி ஃப்ரீக்வென்சி மாற்றம்னு எடுத்துக்கும், ரெண்டு மூணு சாம்பிளுக்கு ஃப்ரீக்வென்சி பெருசா குதிச்சுட்டு திரும்ப வந்துடும். எந்த ரோட்டரும் அந்த வேகத்துல அப்படி குதிச்சிருக்க முடியாது. இத அப்படியே மாடலுக்குக் கொடுத்தா மாடல் இல்லாத சம்பவத்தக் கத்துக்கும், வீழ்ச்சி வேகத்த இந்தக் குதிப்புல இருந்து கணக்குப் போட்டா இனர்ஷியா அபத்தமா வரும். ஒரே ஃபைல்ல நாங்க பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு இடத்துல கூர்மையான முள்ளு, அதே நேரத்துல தூரத்துல இருக்குற மத்த பிஎம்யூல ஒண்ணும் இல்ல, அமைதியான கோடு. நிஜமான உற்பத்தி இழப்பா இருந்தா எல்லா இடத்துலயும் தெரியும், கொஞ்சம் கொஞ்சம் தாமதமா, அலை பரவுற மாதிரி. அதனால ஒரு இடத்து டேட்டாவ வச்சு முடிவெடுக்காம, பல இடத்து டேட்டாவ ஒப்பிட்டு வடிகட்டுறத முதல் படியாவே வச்சுக்கோங்க.

ஸ்கேடா, அதாவது கண்ட்ரோல் சென்டர்ல இருந்தே தூரத்துக் கருவிகள கண்காணிக்குற சிஸ்டம், அதோட டேட்டா வேற மாதிரி. அது சில விநாடிக்கு ஒரு தடவை வரும், பல இடத்துல டைம்ஸ்டாம்ப் அளந்த நேரம் இல்ல, கண்ட்ரோல் சென்டருக்கு வந்து சேந்த நேரம். பிஎம்யூவோட ஸ்கேடாவ சேத்து வச்சா சில விநாடி தள்ளி இருக்கும், எந்தப் பக்கம் தள்ளியிருக்குன்னு தெரியாம ஜாயின் பண்ணினா மாடல் கணிக்க வேண்டிய எதிர்காலம் முன்னாடியே அதுக்குக் கசிஞ்சுடும். இதுல ரொம்ப நைசா உள்ள வர்றது ஏஜிசி சிக்னல். ஏஜிசி அவுட்புட்ட ஒரு ஃபீச்சரா, அதாவது மாடலுக்குப் போற உள்ளீடா, போட்டதும் துல்லியம் தடால்னு ஏறும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா ஏஜிசிங்கறதே நடந்து முடிஞ்ச ஃப்ரீக்வென்சி பிழையோட விளைவு, கடிகாரம் கொஞ்சம் பிசகினாலே விளைவ வச்சு காரணத்த கணிச்ச கதையாயிடும். சந்தேகம் வந்தா அந்த ஃபீச்சர நிமிஷக் கணக்குல பின்னாடி தள்ளிப் பாருங்க, துல்லியம் அப்படியே சரிஞ்சா அது கசிவுதான்.

டேட்டா பிரிக்குறதுல இன்னொண்ணு, வரிசைய கலைச்சு ரேண்டமா ட்ரெயின், டெஸ்ட்னு பிரிக்கவே கூடாது. அடுத்தடுத்த நிமிஷங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், பக்கத்து நிமிஷத்த ட்ரெயினிங்ல பாத்துட்டா டெஸ்ட் மனப்பாடமா ஆயிடும். நேரப்படி வெட்டுங்க, வெட்டுற இடத்துல சில நாள் இடைவெளி விடுங்க, முடிஞ்சா ஒரு முழு வருஷத்த தனியா வைங்க, ஏன்னா கோடையில பழகின மாடல் குளிர்ல எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். அப்புறம் காணாம போன டேட்டா. பெரிய சம்பவம் நடக்குற நேரத்துலதான் கம்யூனிகேஷன் லிங்க்கும் விழும், அதனால காலி இடத்த எல்லாம் சராசரி போட்டு நிரப்பினா, நமக்கு ரொம்பத் தேவையான நிமிஷங்களத்தான் நாமளே அமைதியான நிமிஷமா மாத்தி எழுதுறோம். எங்க டேட்டா காணாம போச்சுங்கறதயே ஒரு தகவலா வைங்க.

அடுத்து எத அளவுகோலா வைக்குறது. சராசரி வர்க்கப் பிழைய வச்சு மாடல தேர்ந்தெடுத்தா, வருஷத்துல பெரும்பாலான நேரம் நல்லா இருக்குற, மோசமான அந்தச் சில மணி நேரத்துல கைவிடுற மாடல்தான் முதல்ல வரும். கிரிட்ல பிழைக்கு ரெண்டு பக்கமும் ஒரே விலை இல்ல. ரிசர்வ் கொஞ்சம் அதிகமா வச்சா பணம் போகும், குறைவா வச்சா லோடு ஷெட்டிங். அதனால ஒத்தை நம்பர கணிக்காம குவான்டைல் கணிங்க, நூத்துல 99 தடவை சமநிலைக் குறை இதுக்கு மேல போகாதுன்னு ஒரு எல்லை, அப்புறம் நிஜமாவே 99 தடவை போகலையான்னு, அதுவும் மொத்தமா இல்ல, காத்து அதிகமான மணி நேரங்கள்ல தனியா, விடுமுறை நாள்ல தனியா, சோலார் இறங்குற சாயங்காலத்துல தனியா சரி பாருங்க. மொத்தத்துல சரியா வர்ற எல்லை சாயங்காலத்துல மட்டும் பொய்க்கும், அத சராசரி மறைச்சிடும்.

இனர்ஷியாவ கணிக்குறதுல மெஷின் லேர்னிங்குக்கு நிஜமான வேலை இருக்கு. எந்த யூனிட் ஓடுதுன்னு தெரிஞ்சா அவங்களோட இனர்ஷியாவ கூட்டிடலாம், ஆனா லோடு பக்கம் இருக்குற மோட்டார்கள், நம்ம பார்வைக்கு வராத சின்ன ஜெனரேட்டர்கள், இதெல்லாம் யாரும் கூட்டித் தர மாட்டாங்க. எப்பவும் இருக்குற சின்னச் சின்ன ஃப்ரீக்வென்சி ஆட்டத்துல இருந்து இந்த மறைஞ்ச பங்க மதிப்பிட முடியும், நிஜ டிரிப் நடந்த நேரங்கள வச்சு அத திருத்திக்கலாம். இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு கேட்டா, 2016 செப்டம்பர் 28ல தெற்கு ஆஸ்திரேலியாவ பாருங்க. புயல்ல டிரான்ஸ்மிஷன் டவர்கள் சாஞ்சு, அடுத்தடுத்து வந்த வோல்டேஜ் பள்ளங்களால காத்தாலைகள் பாதுகாப்பு செட்டிங் படி 456 மெகாவாட் குறைச்சு, விக்டோரியாவோட இணைக்குற ஹேவுட் லைன்ல பவர் ஓட்டம் எகிறி, அதோட பாதுகாப்பு அமைப்பு அத கழட்டி விட்டு, மாநிலம் தனித் தீவா ஆனப்ப ஃப்ரீக்வென்சி விநாடிக்கு 6 ஹெர்ட்ஸ்க்கு மேல வேகத்துல விழுந்துச்சு. அந்த வேகத்துல தானியங்கி லோடு ஷெட்டிங்குக்கே நேரம் கிடைக்கல, மாநிலமே இருட்டாச்சு. தீவா ஆனா எவ்ளோ இனர்ஷியா மிச்சம் இருக்கும்னு ஒவ்வொரு மணி நேரமும் தெரிஞ்சு வச்சிருக்குறது ஆடம்பரம் இல்ல. அடுத்த வருஷம் அங்கயே ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 100 மெகாவாட்ல வந்துச்சு, ஃப்ரீக்வென்சி சேவைக்கு பேட்டரிய நம்பலாம்னு உலகத்துக்கு காட்டினது அதுதான்.

பேட்டரின்னு வந்ததும், தானே முயற்சி பண்ணிப் பாத்து கத்துக்குற ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பத்தி சொல்லணும், கேள்வி நிறைய வர்றது அதப் பத்திதான். சிமுலேட்டர்ல அது பிரமாதமா வரும். பிரச்சனை என்னன்னா அது கிரிட்ட கத்துக்காம சிமுலேட்டரோட ஓட்டையக் கத்துக்கும். கவர்னர்ல இருக்குற, சின்ன மாற்றத்துக்கு அசையாத டெட்பேண்ட், சிக்னல் தாமதம், பிளான்ட் நிஜத்துல எவ்ளோ வேகமா ஏறும்ங்கற வரம்பு, இதெல்லாம் சிமுலேட்டர்ல இல்லன்னா ஏஜென்ட் நிஜத்துல இல்லாத வேகத்த நம்பி திட்டம் போடும். தாமதத்த மட்டும் கொஞ்சம் கூட்டிப் பாத்தப்ப, நல்லா அடக்கிட்டு இருந்த அதே கண்ட்ரோலர் ஃப்ரீக்வென்சிய முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பிச்சத ஸ்க்ரீன்ல பாத்தோம், அது வளர்ற ஆட்டம். அதனால எங்க பக்கம் ஒரு கோடு போட்டோம், வேகமான ட்ரூப் அப்படியே இருக்கும், அத யாரும் தொடக் கூடாது. கத்துக்குற பகுதி அதுக்கு மேல உக்காந்து மெதுவா நடக்குற முடிவ மட்டும் எடுக்கும், அதுவும் முன்கூட்டியே நிரூபிச்ச எல்லைக்குள்ள. இதுக்குப் பொருத்தமான வேலை பேட்டரியோட சார்ஜ் நிலைய பாத்துக்குறது. ஃப்ரீக்வென்சிக்கு வேலை செஞ்சே பேட்டரி காலியாகும், இல்ல முழுசா நிறையும், ரெண்டுமே அடுத்த சம்பவத்துக்கு ஆகாது. அடுத்த ரெண்டு மணி நேரத்துல எந்தப் பக்கம் வேலை அதிகமா வரும்னு கணிச்சு, இப்பவே அமைதியான நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு கொண்டு வர்றது, இங்க மாடல் தப்பினாலும் விலை சின்னது, சரியா இருந்தா லாபம் தினமும்.

கண்ட்ரோல் ரூம் பத்தி. மாடல் சரியா இருக்கான்னு நாம கேக்குறோம், அங்க இருக்குறவர் கேக்குறது "ஏன் சொல்லுது?"ன்னு. சாயங்காலம் 6 மணிக்கு ரிசர்வ் கூட்டுன்னு வந்துச்சுன்னா, காத்து ஃபோர்காஸ்ட்ல சந்தேகம் அதிகமா, இல்ல ஒரு பெரிய யூனிட் தனியா அதிக லோடுல ஓடுதா, இல்ல சோலார் இறக்கம் செங்குத்தான்னு தெரியணும். நாங்க எல்எஸ்டிஎம்ம விட்டுட்டு, நிறைய சின்ன முடிவு மரங்கள கூட்டிக் கணிக்குற கிரேடியன்ட் பூஸ்டிங்குக்கு வந்ததுக்கு இதுதான் பாதி காரணம், துல்லியத்துல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஒவ்வொரு கணிப்புக்கும் எந்த ஃபீச்சர் எவ்ளோ தள்ளுச்சுன்னு பிரிச்சுக் காட்ட முடிஞ்சது. ஆபரேட்டர் ஒருத்தர் காரணத்தைப் பாத்துட்டு "அந்த யூனிட் இன்னைக்கு ரிப்பேருக்கு இறங்குதே, உங்க லிஸ்ட்ல இன்னும் ஓடுதுன்னு இருக்கே"ன்னு சொன்னப்ப, காரணத்தைக் காட்டுறதோட முழு மதிப்பும் அங்க தெரிஞ்சது. வெறும் நம்பரா வந்திருந்தா அவர் பேசாம ஒதுக்கியிருப்பார், நமக்கும் தெரிஞ்சிருக்காது. நீளமான ஷேடோ காலம் வைங்க, மாடல் சொல்லட்டும், யாரும் கேக்க வேணாம், பக்கத்துல பதிவு மட்டும் ஆகட்டும், எல்லாப் பருவமும் ஒரு சுத்து வரட்டும். மாடல் சர்வர் விழுந்தா என்ன ஆகும்னு முதல் நாளே எழுதி வைங்க, எங்களுக்கு அது பழைய நிலையான ரிசர்வ் அட்டவணை, தானா அதுக்கு மாறிடும், மாறினது திரையில தெரியும்.

மாடல் பழசாகுறது இங்க ரொம்ப சீக்கிரம். சோலார் திறன் வருஷா வருஷம் ஏறுது, போன வருஷ மதியம் இந்த வருஷ மதியம் இல்ல. மார்க்கெட் விதி மாறினா ஒரே நாள்ல மாறும், ஐரோப்பாவுல முந்தின நாள் மார்க்கெட் 2025 அக்டோபர்ல ஒரு மணி நேரத் துண்டுல இருந்து 15 நிமிஷத் துண்டுக்கு மாறுச்சு, நான் மேல சொன்ன மணி எல்லைப் பல்லோட காரணமே அப்ப இடம் மாறுது, பழைய வருஷங்கள்ல பழகின மாடல அதுக்கு அப்புறம் அப்படியே நம்ப முடியாது. லோடு பக்கமும் புதுசு வருது. 2024 ஜூலை 10ல அமெரிக்கா கிழக்கு கிரிட்ல ஒரே லைன்ல அடுத்தடுத்து ஃபால்ட் வந்தப்ப, டேட்டா சென்டர்கள் தங்களோட பேக்அப்புக்கு மாறி சுமார் 1500 மெகாவாட் லோடு ஒரே மூச்சுல கழண்டுச்சு, ஃப்ரீக்வென்சி மேல போச்சு. பெரிய இழப்புன்னா உற்பத்திதான்னு எண்ணி கட்டின எந்த மாடல்லயும் இந்த வகை இல்ல.

ஃப்ரீக்வென்சிய மட்டும் பாத்துட்டு கிரிட் நல்லா இருக்குன்னு சொல்லவும் முடியாது. 2025 ஏப்ரல் 28ல ஸ்பெயினும் போர்ச்சுகலும் மதியம் 12:33க்கு இருட்டானது வோல்டேஜ் ஏறி ஏறி ஜெனரேட்டர்கள் வரிசையா டிரிப் ஆனதால, ஃப்ரீக்வென்சி விழுந்தது கடைசியில வந்த விளைவு. அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இருந்தே ஆட்டங்கள் பதிவாகியிருந்தது. அதனால இப்ப எங்க ஃபீச்சர் லிஸ்ட்ல வோல்டேஜும், அத தாங்கிப் பிடிக்குற ரியாக்டிவ் பவரும், ஆட்டத்தோட தணிவும் சேந்திருக்கு. சில சம்பவத்துல எந்தக் கணிப்பும் உதவாதுங்கறதும் நிஜம், டெக்சாஸோட 60 ஹெர்ட்ஸ் கிரிட்ல 2021 பிப்ரவரி 15 அதிகாலை ஃப்ரீக்வென்சி 59.4 ஹெர்ட்ஸ்க்கு கீழ 4 நிமிஷம் 23 விநாடி இருந்துச்சு, 9 நிமிஷம் தாண்டியிருந்தா இன்னும் நிறைய ஜெனரேட்டர்கள் கழண்டு மொத்தமும் விழுந்திருக்கும். காப்பாத்தினது ஆபரேட்டர்கள் தயங்காம லோட வெட்டினது. உற்பத்தியே உறைஞ்சு கிடந்த ராத்திரி அது.

ஆரம்பிக்க நினைக்குறவங்களுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். பிரிட்டன் கிரிட் ஆபரேட்டர் விநாடிக்கு ஒரு மதிப்புன்னு ஃப்ரீக்வென்சி டேட்டாவ பொதுவுல போடுறாங்க, இலவசம். 2019 முழுசையும் எடுங்க. முதல்ல மாடலே வேணாம், நாளோட ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சராசரியும் 1 சதவீத, 99 சதவீத எல்லையும் போட்டு வரைங்க. அப்புறம் ஜூலை வரைக்கும் ட்ரெயின் பண்ணிட்டு ஆகஸ்ட் 9ல 4:51க்கு மாடல் என்ன சொல்லுதுன்னு பாருங்க, ஒண்ணும் சொல்லாது, சொன்னா கசிவு தேடுங்க. அதுக்கு அப்புறம் ஒத்தை பஸ் ஸ்விங் சமன்பாட்ட, அதாவது மொத்த கிரிட்டையும் ஒரே ரோட்டரா பாக்குற கணக்க, நூறு வரிக்குள்ள எழுதி, முதல்ல போன யூனிட்களையும் பின்னால போனதையும் வரிசையா கழட்டி விட்டு, இனர்ஷியாவையும் ரிசர்வ் அளவையும் அது வர்ற வேகத்தையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க, எந்தச் சேர்க்கையில 48.8க்கு போகாம நிக்குதுன்னு கண்டுபிடிங்க. அந்த வரைபடம் கையில இருந்தா, மாடல் எத கணிக்கணும், எத்தனை மணி நேரம் முன்னாடி கணிக்கணும்ங்கற கேள்விக்கு பதில் அதுலயே வந்துடும், அதுக்கு அப்புறம் அல்காரிதம் தேடினா போதும்.